கூடையில் கொண்டு போன சோலார் தகடு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் விடிந்ததும் எல்லோரும் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். அப்பா மட்டும் வெயில் வருமா என்று பார்ப்பார். ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பள்ளத்தில் ஒதுங்கிக் கிடந்த எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வந்திருக்கவில்லை. கூரைத் தகரத்தின் மேல் சுளகு அளவில் ஒரு சோலார் தகடு, அதிலிருந்து இறங்கும் வயர், கட்டிலுக்கடியில் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி. சாமிப் படத்துக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் மரியாதை இந்த மூன்றுக்கும்தான்.

காரணம், அம்மா. வெளிநாட்டில் ஒரு வீட்டு வேலைக்கு அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, அந்த வீட்டுக்காரி தன் போனைக் கொடுத்தால், அம்மா எங்களோடு பேசுவாள். நாங்கள் அந்த எண்ணுக்குப் போன் எடுக்கவே கூடாது என்று உத்தரவு. அதனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் போனுக்கு உயிர் இருந்தாக வேண்டும். பல்பு எரியாவிட்டால் குப்பி விளக்கு இருக்கிறது, போன் செத்தால் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்பார்.

எனக்கு அப்போது பத்து வயது. வாய் மட்டும் ஓயாது. என்னை வாயாடி என்று கூப்பிட்டே அம்மா வளர்த்தாள். போன் வந்தால் முதலில் என்னிடம் கொடுத்துவிட்டு, நான் பேசி முடிக்கும் வரை அப்பா வாசலில் நிற்பது வழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா முதலில் அப்பாவைக் கேட்டாள். "ஒன்னு சொல்லணுங்க" என்று தொடங்கியதும் போன் அணைந்துவிட்டது. முந்தின நாள் அப்பா வேலைக்குப் போன பிறகு நான் அதில் பாம்பு விளையாட்டு விளையாடியிருந்தேன். அது யாருக்கும் தெரியாது. அப்பா பேட்டரியைத்தான் திட்டினார். பேசாத பொருளின் மேல் பழியைப் போட்டுவிட்டு நானும் அவரோடு சேர்ந்து திட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நாலு நாள் பனிமூட்டம். பள்ளத்தை விட்டு மூட்டம் அசையவில்லை. பேட்டரி பூராவும் இறங்கிப் போனது. மண் சரிந்து பதுளை ரோடு மூடிக் கிடந்ததால் டவுனுக்கும் போக முடியவில்லை. ஃபாக்டரியில் சார்ஜ் போடலாம் என்று போன அப்பாவைக் காவல்காரர் உள்ளே விடவில்லை. அம்மா என்ன சொல்ல வந்தாள் என்று தெரியாமல் அப்பா அந்த வாரம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அப்பா பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும், அவரைத் தொடர்ந்து வேலைக்குக் கிளம்பிய அடுத்த வீட்டு அத்தையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை கொழுந்தெடுக்கும் உச்சி மலையில் பத்து மணிக்கெல்லாம் மூட்டம் விலகிவிடும் என்று எனக்குத் தெரியும். அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்கவில்லை. கூரையில் ஏறித் தகட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையில் தகட்டை வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டேன். பேட்டரியும் போனும் புத்தகப் பையில்.

மலையில் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கங்காணி பக்கத்தில் வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, வெயிலப் பறிச்சி நிறுவைக்குக் கொண்டு போறியா?"

"ஆமாங்க. கழிவு போடாம நிறுங்க" என்றேன். ஈரம் என்று சொல்லிக் கொழுந்து எடையில் கழிக்கிறவர் அவர். அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், ஆனால் அவளும் சிரித்தாள்.

பத்தரைக்கு வெயில் வந்தது. நிழல் மரம் மறைக்க மறைக்கத் தகட்டைத் தூக்கிக்கொண்டு இடம் மாறினேன். கை கடுத்தது, அட்டை கடித்தது. இரண்டு மணிக்கு மழை இறங்கும்போது போனில் ஒரு கோடு ஏறியிருந்தது. ஒரே ஒரு கோடு. போனை ஆஃப் செய்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

நாலு மணிக்கு அப்பா வந்தார். நான் போனைப் போட்டுக் காட்டியதும் என் தலையைத் தடவினார். போன் மணி அடித்தது. வழக்கப்படி என்னிடம்தான் கொடுத்தார்.

நான் சொன்னேன். மூட்டம், கூடை, கங்காணி, அட்டை, மரத்துக்கு மரம் மாறியது, எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு விளையாட்டை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா "ம்" என்றாள். அப்புறம் "ம்" என்றாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். அப்பா கையை நீட்டினார், என் உற்சாகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார். கங்காணிக்கு நான் கொடுத்த பதிலை இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அணைந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அனுப்பிய ஏஜென்சிக்கும் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல் அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சார்ஜ் நிறைந்த போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஏழு மாதமும் ஒரு நாள்கூட அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

அம்மா திரும்பி வந்தாள், பாதியாக இளைத்து. பல வருடம் கழித்து, எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் அன்று என்ன சொல்ல வந்தாய் என்று கேட்க எனக்குத் துணிவு வந்தது. அந்தக் கடைசிப் போனுக்கு மறுநாள் அவளை வேறு வீட்டுக்கு மாற்றப் போகிறார்கள், அங்கே போன் கிடையாது, பயப்பட வேண்டாம். அவள் சொல்ல வந்தது அவ்வளவுதான். அப்படியென்றால் என்னை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். நீ கூடையத் தூக்கிக்கிட்டு மலை ஏறிக்கிட்டு இருந்த. இனி எப்பக் கேக்கப் போறேனோன்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடையை மூலையில் கவிழ்த்து வைத்தபோது, அம்மாவிடம் மலைக் கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. அம்மா ஒன்றுமே சொல்லவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.