ஏழு நாள் பிந்திய மனு

துறைமுகத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களின் மனுக்களைத் தொழில் அலுவலகத்தில் நான்தான் வாங்குவேன். சண்டைக் காலத்தில் ஒருநாள் குடாவின் அக்கரையிலுள்ள மூதூரிலிருந்து காசிம் என்ற தொழிலாளி வந்தார். காலக்கெடு முடிந்து ஏழு நாளாகியிருந்தது.

“ஏலாது காசிம் நானா, பிந்திப்போச்சு” என்றேன்.

“நேத்து வரைக்கும் லோஞ்ச் படகு ஓடல்ல சேர். நீந்தியா வாற?”

“நீந்தி வந்தாலும் திகதி திகதிதான்” என்றேன். என் பகடிக்கு நானே சிரித்தேன். அவர் மனுவை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

தாமதத்தின் காரணத்தை எழுதி இணைத்தால் மனுவை மேலதிகாரிக்கு அனுப்பலாம். அந்த ஒழுங்கும் எனக்குத் தெரியும். சொன்னால் நானே எழுதிக் கொடுக்கவேண்டி வரும்; அது சாப்பாட்டு நேரம்.

பிறகு லோஞ்ச் தினமும் ஓடியது. அவர் திரும்ப வரவில்லை.

இப்போது ஓய்வுபெற்று உப்புவெளி வீட்டில் தனியே இருக்கிறேன். ‘படகு ஓடாததால் மனுதாரர் பிந்தினார்.’ நாலே சொல். நேரம் நிறைய இருக்கிறது. எழுதித் தரச்சொல்லிக் கேட்கத்தான் ஒருவருமில்லை.