செல்லூருக்கு நான் சொன்ன வழி

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்காக யாரும் ‘உச்’ கொட்ட வேண்டாம்; கொட்டினால் எனக்குக் கோபம் வரும். வங்கியில் தொலைபேசி அழைப்புகளை இணைத்துவிடும் வேலை, காளவாசல் பக்கம் வீடு, வாய்த்துடுக்கான மனைவி, எல்லாம் எனக்கு உண்டு. போதாக்குறைக்கு இணையதளம் ஒன்றும் இருக்கிறது. அதை நானே கட்டினேன். “ஆள் வைத்தா செய்தீர்கள்?” என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் சத்தமாகவே இன்னொரு முறை சொல்வேன்: நானே கட்டினேன்.

கணினித் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. அது சொல்லச் சொல்லக் கேட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, இணையப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு குறி விட்டுப்போனாலும் பக்கம் குப்புற விழுந்துவிடும். முதல் பக்கம் உருப்படியாக எழுந்து நின்ற அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“எப்புடி இருக்கு?”

“வெள்ளையில கறுப்பு எழுத்து. கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குங்க.”

“படிக்க முடியுதுல்ல? அம்புட்டுத்தான் வேணும்.”

தளத்தில் இருந்தவை மதுரைக்குள் நடந்து போகும் வழிகள். பார்வையில்லாத ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால், அங்கிருந்து மருத்துவமனைக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ எப்படி நடப்பது என்று என் குரலில் பதிவு செய்து வைத்திருந்தேன். மொத்தம் நாற்பது வழிகள். ஒவ்வொன்றும் கைத்தடியோடு நானே நடந்து பார்த்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போன் செய்து நன்றி சொன்னார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. சில தளங்களில் படத்தைப் போட்டுவிட்டு, அது என்ன படம் என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள். எங்கள் மென்பொருள் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட தளங்களுக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதுவேன். ‘எங்களையும் மனிதர்களாக நினைத்தீர்களா?’ என்ற வரி எல்லாக் கடிதத்திலும் தவறாமல் இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை என் தளத்தின் வழியாக ஒரு பெண் எழுதிய கடிதம் வந்தது.

“ஐயா, எனக்குக் காது கேட்காது. பத்து வயதில் வந்த காய்ச்சலில் போய்விட்டது. ஊர் வாடிப்பட்டி. செல்லூரில் உங்கள் பார்வையற்றோர் சங்கத்துக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு தையல் கம்பெனி இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தைத்துக் காட்டினால் வேலை கிடைக்கும். போன மாதம் வேறொரு கம்பெனிக்கு வழி தெரியாமல் ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். அதற்குள் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்கள். போனில் வரைபடம் சந்துக்குள் போனதும் குழம்பிவிடுகிறது. சங்கத்துக்கு வழி உங்கள் தளத்தில் குரலாக மட்டும் இருக்கிறது. எழுத்தில் கொடுப்பீர்களா?”

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். “கண்ணு இருக்குல்ல? யார்கிட்டயாச்சும் கேட்டா சொல்லப் போறாக” என்றேன்.

“கேட்டா சொல்லுவாக. சொல்றது அந்தப் பிள்ளைக்குக் கேக்கணும்ல?” என்றாள் மனைவி.

ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன் என் வீட்டுக் கதவை நானே சாத்தி வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து, செல்லூர் வழியில் நான் பேசியிருந்ததை வார்த்தை பிசகாமல் எழுதி ஏற்றினேன். தப்பைத் திருத்திவிட்டோம் என்று அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. புதன்கிழமையே வாடிப்பட்டியிலிருந்து கிளம்பி வந்து, ஒத்திகை பார்த்திருக்கிறார். மாலையில் கடிதம் வந்தது.

“ஐயா, பேருந்து நிறுத்தம் வரை சரியாக வந்தேன். அதன் பிறகு, ‘தறிச் சத்தம் தொடங்கும், அது ஓய்கிற இடத்தில் இடப்பக்கம் திரும்பவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தொடங்கவும் இல்லை, ஓயவும் இல்லை. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.”

நான் வெட்கப்பட்டுப் போனேன். என் நாற்பது வழிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தறி, மாவு மில், பட்டறைச் சுத்தியல், பள்ளிக்கூடக் கூச்சல். எல்லாமே சத்தம். பேச்சை எழுத்தாக்கிவிட்டால் போதும் என்று நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்!

வியாழக்கிழமை வங்கிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு செல்லூருக்குப் போனேன். தறிச் சத்தம் ஓய்ந்த இடத்தில் நின்று கேட்டேன்.

“இங்க என்ன தெரியுது?”

“ஒண்ணுமில்ல. சந்துதான்.”

“ஒண்ணுமே இல்லாம எப்புடி இருக்கும்? நல்லாப் பாரு.”

“அதட்டுனா ஒண்ணும் தெரியாது. இருங்க... மூலையில பச்சை வீடு. வாசல்ல அடிபம்பு நிக்குது, கைப்பிடி இல்ல.”

“பச்சை நாளைக்கே மாறிரும். அடிபம்பு?”

“இத எவன் புடுங்கப் போறான்?”

அடிபம்பு என்று குறித்துக்கொண்டேன். இப்படியே ஒவ்வொரு திருப்பத்திலும் சண்டை போட்டு, சங்க வாசல் வரை போய்ச் சேர்ந்தோம். திருப்பத்துக்குத் திருப்பம் அவள் போனில் படம் எடுத்தாள். “கண்ணு தெரிஞ்ச நானே இந்தத் தெருவ இன்னைக்குத்தாங்க பாக்குறேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வழியைப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் காதுக்கு ஓர் அடையாளம், கண்ணுக்கு ஓர் அடையாளம். படங்களையும் போட்டு, எது என்ன படம் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினேன். இல்லாவிட்டால் எனக்கு நானே கடிதம் எழுத வேண்டி வந்திருக்கும். பொழுது சாய்வதற்குள் எல்லாம் ஏறிவிட்டது.

வெள்ளிக்கிழமை வங்கியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது, பன்னிரண்டும் ஆனது. ஒரு தகவலும் இல்லை. மேலாளருக்கு வந்த அழைப்பை நகைக்கடன் பிரிவுக்கு மாற்றிவிட்டுத் திட்டு வாங்கினேன். ஒன்றரைக்கு வந்தது.

“ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டேன், ஐயா. அடிபம்பு இருந்தது. காலர் தைக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.”

எழுந்து நின்று, பக்கத்து மேசை, எதிர் மேசை, பணம் கட்ட வந்தவர் என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கே வேலை கிடைத்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதாக நினைவில்லை. மிச்சம் முப்பத்தொன்பது வழிகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு மறுபடி நடந்து, மறுபடி எழுதினேன். கருமாதிப் பத்திரிகையில் இப்போது படமெல்லாம் வந்துவிட்டது என்று அவள் கேலி செய்தாள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், நண்பகலுக்குச் சற்று முன்பு, அந்தப் பெண்ணிடமிருந்து தகவல் வந்தது.

“ஐயா, அவசரம். சங்கத்துக்கு முந்தின திருப்பத்தில் வலப்பக்கம் சாக்கடைக்குப் பெரிய குழி தோண்டியிருக்கிறார்கள். தடுப்பு எதுவும் இல்லை. இன்று மதியம் சங்கத்தில் கூட்டம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. உங்கள் ஆட்கள் இடப்பக்கச் சுவரை ஒட்டி வர வேண்டும். உடனே தளத்தில் போடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போய் நிற்கிறேன்.”

உடனே எழுதி ஏற்றினேன். குரலிலும் பதிந்து போட்டேன். சங்கத்தில் எண் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லாமல் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு, கூட்டத்துக்குப் போயிருந்த நண்பர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கும் பார்வை கிடையாது.

“அண்ணே, குழிய எல்லாருமே தாண்டிட்டோம். ஒரு ஆளுக்கும் ஒண்ணும் ஆகல. அங்க ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு, வர்றவுக கையப் பிடிச்சு ஒவ்வொருத்தராச் சுவத்துப் பக்கம் கூட்டிப்போய் விட்டுச்சுண்ணே. யாரும்மா நீன்னு ரெண்டு மூணு தடவ கேட்டேன். பதிலே சொல்லல.”



“அது நம்ம தளத்து ஆளுப்பா” என்றேன்.