ஸெய்னுலாப்தீன் நானாவின் முன்னச்சு

பன்வில மேட்டிலிருக்கும் ஸெய்னுலாப்தீன் நானாவின் வீட்டுக்குக் கல்லுப் பாதையில் ஏறக்கூடியது அவருடைய பழைய ஜீப் மட்டும்தான். மகளின் கலியாணத்துக்கு முதல் நாள் அதன் முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் முன்னச்சுக் கூடு வெடித்து விரிசல் விட்டுவிட்டது. ஜீப் ஓடாவிட்டால் விருந்துச் சட்டிகள் மேலே போகாது. ஜீப்பை மெல்ல உருட்டிக்கொண்டு என் வெல்டிங் கடைக்கு வந்தார்.

கூட்டின் மேலே ஒரு பட்டை இரும்பு வைத்துப் பலப்படுத்தலாம் என்றேன்.

"ஒண்டு போதாது. மூணு வைங்க. நிப்பாட்டாம ஒட்டுங்க."

"ஆற விட்டு ஆற விட்டுத்தான் ஒட்டணும் நானா. இல்லாட்டி கூடு வளஞ்சிடும்."

"இரும்பு ஆறும் வரைக்கும் மாப்பிள்ள நிப்பாரா?"

ஒட்டினேன். வளைந்தது. கூட்டின் இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொள்ள, மூத்திரம் பெய்யும் மாடு பின்கால்களை அகட்டுவது மாதிரி ஜீப் முன்சக்கரங்களை அகட்டி நின்றது.

மறுநாள் டயர் கீச்சிட்டாலும் சட்டிகளோடு மேடேறிவிட்டது. ஒரு பருக்கை சிந்தவில்லை. மாப்பிள்ளையின் வாப்பா ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் இது இப்பிடி நிக்கிது?"

"சம்பந்தி வாறீங்களே! மரியாதைக்குப் பணிஞ்சி நிக்கிது."

அந்த மனுசன் நம்பினாரோ என்னவோ, பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில் இருவரும் சோறுண்ண உட்கார்ந்ததும் தன் பக்கத்துப் பெரிய இறைச்சித் துண்டை நானாவின் பக்கம் தள்ளிவிட்டார்.