எல்லாவற்றுக்கும் ஒன்பது

திரேஸ்புரம் கடற்கரையில் நாங்கள் கருவாடு காயப்போடும் மணலை லாரி நிறுத்த எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு சொல்கிறதாம். யார் போட்ட கணக்கு என்றால், கம்ப்யூட்டராம். அது என்ன, இங்கே வந்து நின்று பார்த்ததா?

எங்களிடமும் கேட்டார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, டீயும் வடையும் கொடுத்து, ஆளுக்கொரு தாள் நீட்டினார்கள். ஊரில் எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் மாடலுக்குள் எங்கள் பதில் போகும் என்றார் மைக் பிடித்தவர். கருவாட்டுத் தளம் சாலையைவிட எத்தனை மடங்கு முக்கியம்? சாலை வடிகாலைவிட? வடிகால் கருவாட்டுத் தளத்தைவிட? ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் எழுத வேண்டும்.

என்னோடு கருவாடு போடும் பக்கத்து வீட்டுக்காரி என் தாளை எட்டிப் பார்த்தாள்.

“ஏளா, எல்லாத்துக்கும் ஒம்பது போடு. கொறச்சா, வேண்டாம்னு எடுத்துருவானுவ.”

எனக்கும் சரியென்று பட்டது. வடிகால் இல்லையென்றால் மழைத் தண்ணீர் அடுப்படியில் நிற்கும். சாலை இல்லையென்றால் வியாபாரி வண்டி வராது. எதைக் குறைக்க? எங்கள் வரிசை முழுக்க ஒன்பதே போட்டது.

பிறகு வரைபடம் ஒட்டினார்கள். எங்கள் மணல் லாரிக்குப் போயிருந்தது. வரைபடம் போட்ட அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போனோம்.

“தளம் சாலையைவிடப் பெருசு, சாலை வடிகாலைவிடப் பெருசுன்னா, வடிகால் எப்படிம்மா தளத்தைவிடப் பெருசாகும்?” என்றார் அங்கிருந்த அதிகாரி. “உங்க பதில்ல கன்சிஸ்டன்சி இல்ல. மாடல் ரிஜெக்ட் பண்ணிடுச்சு.”

“எம் புருசனுக்குந்தான் அது கெடையாது. அவனையும் ரிஜெக்ட் பண்ணச் சொல்லுங்க சார்,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. பியூன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப யாரு சொன்னத வச்சு வரைஞ்சீய?”

“சரியா நிரப்பினவங்க சொன்னத.”

குடோன்காரர்களும் லாரி முதலாளிகளும். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதில் எங்கே முரண்பாடு வரும்?

“எங்களுக்கு வேற தாள் குடுங்க.”

“டைம் முடிஞ்சுது. ஆட்சேபனை எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. ஆள்தான் வந்தான். மணலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் அந்தக் கோட்டுக்குமேலேயே வலையை விரித்து நெத்திலியைக் கொட்டினேன். பார்த்துவிட்டு, கோடு போட்டவன் ஓடிவந்தான்.

“இத எடுங்க.”

“காஞ்சதும் எடுக்கேன்,” என்றேன். “நாளைக்கு அடுத்த மீனு காயப்போட வந்துரும்.”