அழலன்னா நம்புங்க

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே என் கணவர் ஷார்ஜாவிலிருந்து ஓடி வந்தார். பதினைந்து நாள் இருந்தார். இது மெதுவாகப் போகிற வகை, தினம் ஒரு மாத்திரை, வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், விடாமல் சாப்பிட்டால் நன்றாக இருக்கலாம் என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னபோது, என்னைவிட அவர்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டார். நான் முதல் மாத்திரையை விழுங்கிய மூன்றாம் நாள் விமானம் ஏறினார். மேலப்பாளையத்து வீட்டில் நானும் மாமியும், அதாவது அவருடைய உம்மாவும், மிஞ்சினோம்.

முதலில் வந்தது குமட்டல். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் மாத்திரையைப் போட்டால் இட்லியும் சேர்ந்து வெளியே வந்துவிடும். டாக்டரம்மாவிடம் கேட்டு, மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பெரிய தம்ளர் தண்ணீரோடு விழுங்கப் பழகினேன். அடங்கியது. அடுத்து கெண்டைக்கால். கொடியில் துணி போட எம்பினால் போதும், கால் கல்லாக இறுகும். மாமி தரையில் உட்கார்ந்து பைய நீவிவிடுவார்.

கண் வீக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காலையில் எழுந்தால் இமைகள் இரண்டும் பணியாரமாக உப்பியிருக்கும். அவர் வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோவில் அழைப்பதும் அந்த நேரத்தில்தான்.

"ராத்திரியெல்லாம் அழுதியா புள்ள?"

"இல்ல மச்சான். மாத்திரைதான் இப்படிச் செய்யுது. அழலன்னா நம்புங்க."

அவர் நம்பவில்லை. தலையணையை உயர்த்திப் பார்த்தேன், உப்பைக் குறைத்துப் பார்த்தேன். தினமும் அவர் முகம் வாடுவதைக் காணப் பிடிக்காமல், போனைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துப் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் மின்விசிறியோடு பேசிவிட்டு, "மொகத்தக் காட்டேன்" என்பார். அடுப்பில் வேலை கிடக்கிறது என்பேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் வராது. மீதியெல்லாம் அந்தக் கையகலத் திரையில்தான். அதிலும் நான் இல்லாமல் போனேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன் என்றார். பழைய முகத்தோடு வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மாமியிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். ஆறாம் நாள் கண்ணாடியில் என் முகம் இருந்தது. கண்ணுக்குச் சுர்மா மை இட்டுக்கொண்டு, அன்று நானே அவரை அழைத்தேன்.

"மாஷா அல்லாஹ்! மாத்திரை ஒத்துக்கிட்டுதா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அந்தச் சிரிப்புக்கு முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அஞ்சு நாளா சாப்பிடல மச்சான்."

அவர் அழுதார். திரையில் அவருக்குப் பின்னால் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"கண்ணு வீங்குனா வீங்கட்டும் புள்ள. நீ இருந்தாப் போதும். இப்பவே உம்மாவக் கூட்டிக்கிட்டு டாக்டரம்மாட்டப் போ."

டாக்டரம்மா திட்டவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். "முதல் சில மாசம்தான் இதெல்லாம் அதிகமா இருக்கும். தாங்க முடியலன்னா எங்கிட்ட வாங்க, வழி இருக்கு. நீங்களா நிறுத்திராதீங்க" என்றார். அன்றைக்கே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன்.

பெருநாளுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

இப்போது மதியச் சாப்பாட்டு வேளையில்தான் அழைக்கிறார். தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு நான் இங்கே சாப்பிட, அவர் அங்கே குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் தொட்டுத் தின்கிறார்.

"இன்னைக்கு என்ன ஆணம்?"

"மீனாணம்."

குழம்பு தெரியும்படி தட்டைச் சாய்த்துக் காட்டுகிறேன். "கொஞ்சம் ஊட்டிவிடேன்" என்கிறார். மாமி எழுந்து உள்ளே போய்விடுகிறார். நான் மாத்திரையை விழுங்கும்வரை அவர் போனை வைப்பதில்லை. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. திரை அணைந்த பிறகும், சோற்றுக் கை காயும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.