பிறைகளுக்கு நடுவே சிவப்பு லாரி

அஃப்ஸானாவுக்கு எழுத்து வராது. வராட்டி என்ன குடி முழுகிப் போயிற்று? வாட்ஸ்அப்பில் அவளுக்கு எல்லாரும் படம்தான். ரோசாப்பூ என்றால் மகள் தஸ்லிம். தொப்பியும் தாடியும் என்றால் அண்ணன் அக்பர் பாஷா. சிவப்பு லாரி, வீட்டுக்காரர் உஸ்மான். படித்தவர்கள் பெயரைத் தேடி எடுப்பதற்குள் இவள் பேசியே முடித்திருப்பாள்.

ரம்ஜானுக்கு மறுநாள் காலை உஸ்மான் மிளகாய் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பிப் போனார். பாயைச் சுருட்டினால், அடியில் அவருடைய ஆஸ்துமா பம்பு. மிளகாய் நெடியில் மூச்சு இழுத்தால் அந்த மனுசன் என்ன செய்வார்? ஜூஜுவாடியில் மாநில எல்லையைத் தாண்டுமுன் நிறுத்தியாக வேண்டும்.

வாட்ஸ்அப்பைத் திறந்தாள். யா அல்லா! பெருநாளுக்கென்று ஆளாளுக்குத் தங்கள் படத்தை மாற்றிப் பிறையை வைத்திருந்தார்கள். மேலே தள்ளினாலும் பிறை, கீழே தள்ளினாலும் பிறை. சிவப்பு லாரியைக் காணோம். ஒரு பிறையைத் தொட்டாள். கறிக்கடைக்காரர் எடுத்து, "எத்தினி கிலோம்மா?" என்றார்.

"இவங்களுக்கெல்லாம் வேற படமே கெடைக்கலியா!" என்று கத்திக்கொண்டே பக்கத்து வீட்டு சரசம்மாவிடம் ஓடினாள். சரசம்மாவும் படம் பார்த்துப் பேசுகிறவள்தான். இருவரும் தலையோடு தலை இடிக்கத் தேடினார்கள்.

"இதுல நீ இருக்கியேக்கா."

"அது நான்தான், தள்ளு. அத நாலு வாட்டி பாத்தாச்சு."

"உனக்கு நீயே எதுக்குக்கா போன் பண்ணிக்கப் போற?"

அஃப்ஸானாவின் விரல் நின்றது. தன் முகத்தையே தொட்டு அழைத்தாள்.

"சொல்லு புள்ள," என்றார் உஸ்மான்.

"எங்க இருக்கறீங்க? பம்ப வுட்டுட்டுப் போயிட்டீங்களே!"

"அய்யோ! ஜூஜுவாடி டீக்கடையிலதான் நிக்கறேன்."

"அங்கியே நில்லுங்க, கொண்டாறேன். ஆமா, லாரி எங்க? என் போட்டோவ எதுக்கு வெச்சீங்க?"

"எல்லாரும் பிறையப் போட்டுட்டாங்களா, என்னைத் தேடி அல்லாடுவியேன்னுதான். உன் மூஞ்சின்னா உனக்குத் தப்பாதுல்ல?"

கன்னாபின்னாவென்று திட்டத்தான் வாயைத் திறந்தாள். சரசம்மா பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அஃப்ஸானாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பம்பை இறுகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவள், போனை மறுபடி காதில் வைத்தாள்.

"போட்டோவ மாத்திராதீங்க. இனிமே கண்டுபுடிச்சுக்குவேன்."