பச்சைப் பாவாடைக்காரிக்கு ஒரு சுமைதாங்கி

தளி ஊருக்குப் போகும் வழி மேட்டில் இருந்த பங்களாவை, ஸ்காட்லாந்து துரை ஒருவர் தன் ஊர்ப் பூர்வீக மாளிகையைப் போலவே கட்டினாராம். வீட்டோடு நிறுத்தியிருந்தால் தொல்லையில்லை. அந்த மாளிகைப் பேயும் கூடவே கப்பலேறி வந்துவிட்டதாகச் சமையல்காரர்கள் ஊருக்குள் சொல்லிவைத்தார்கள். பச்சைப் பாவாடை கட்டிய வெள்ளைக்காரி. நிறைமாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள். உச்சி வெயிலில் அவள் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்கும். கனத்த அடிகள். ஏழாவது படியோடு நின்றுவிடும். துரை போய், நாடே கைமாறிய பிறகும் அவள் மட்டும் போகவில்லை.

யார் மூளையில் உதித்த யோசனையோ, 1956-இல் அந்தப் பங்களாவைத்தான் பிரசவ விடுதியாக்கினார்கள். சேலத்திலிருந்து வந்த நர்ஸ் சரோஜம்மாள் மூன்று மாதம் ஈ ஓட்டினாள். படியில் கேட்பது எலிச் சத்தம் என்று அவள் அடித்துச் சொன்னாலும் யார் நம்பினார்கள்?

கெம்பம்மா போயே ஆகவேண்டியிருந்தது. பத்து வயதிலிருந்து விறகு சுமந்து பிழைத்தவள். வயிற்றில் இருந்தது மூன்றாவது. முதல் இரண்டும் குறுக்கே கிடந்து, பிறக்கும்போதே போய்விட்டன. சந்தையில் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்த சரோஜம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"இதுவும் குறுக்காலதான் கெடக்குது. ஊட்லயே பெத்தா உன்னையும் சேத்துத் தூக்கிருவாங்க. எங்கிட்ட வந்துரு."

சாவுக்குப் பயமா, பேய்க்குப் பயமா என்று கெம்பம்மாவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுப் புருஷன் ராமப்பனிடம் கேட்டாள்.

"நம்மூர்ல வயித்துப் புள்ளையோட ஒருத்தி செத்தா என்னா செய்வோம்?"

"சுமைதாங்கி நடுவோம். செத்தவ சொம எறங்கட்டும்னு."

"அந்தப் பச்சப் பாவாடக்காரிக்கு யாருய்யா நட்டாங்க?"

ராமப்பனும் தம்பி எல்லப்பனும் கல் உடைக்கிறவர்கள். மறுநாளே பங்களா வாசலுக்கு எதிரே இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்கப் போட்டார்கள். ஆள் நின்றபடியே தலைச்சுமையை இறக்கி வைக்கும் உயரம்.

கும்பிட்டு நாலு வார்த்தை சொல்லலாமென்றால், தமிழோ கன்னடமோ தெலுங்கோ அந்தச் சீமைக்காரிக்கு விளங்காது. அதனால் கெம்பம்மா பேசவில்லை. தன் விறகுக்கட்டைக் கல்மேல் இறக்கினாள். மாடி ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்து, வெறுந்தலையைத் தடவிக் காட்டினாள். அந்த வெள்ளைக்காரியை நினைத்துப் பாவமாக இருந்தது. எத்தனை வருசமாகச் சுமக்கிறாளோ!

கல் நட்ட எட்டாம் நாள் வலி எடுத்து, கெம்பம்மா விடுதிக்குப் போனாள். சரோஜம்மாள் காலையிலிருந்து கையால் பிள்ளையைத் திருப்பப் போராடிக்கொண்டிருந்தாள். உச்சி வேளையில் படியில் அடிச் சத்தம். ஐந்து, ஆறு, ஏழு. நின்றது.

எட்டு. ஒன்பது. கனமே இல்லாத கால்கள் கடைசிப் படிவரை இறங்கி, கூடத்தைக் கடந்து, வாசலைத் தாண்டிப் போயின. சரோஜம்மாளின் கைக்குள் பிள்ளை புரண்டு தலை திரும்பியது. சற்று நேரத்தில் பிறந்து, வீறிட்டு அழுதது.

"யாரும்மா அது, எறங்கிப் போனது?" சரோஜம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கெம்பம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"எறக்கி வெச்சுட்டுப் போறாம்மா."